ஹோரோமூரிக்கு எலி வந்த வழி

ப்ளஃப் துறைமுகத்தில் ஹேனியை எல்லோரும் 'சுங்கம்' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவளும் கோபித்துக்கொண்டதில்லை. மார்ச் மாதம் தீத்திக் கடற்பறவைக் குஞ்சு பிடிக்க ஹோரோமூரித் தீவுக்குக் கிளம்புகிற குடும்பங்கள் சாமான்களை அடுக்கிவைக்கும் தகரக் கொட்டகை வாசலில், ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கையில் டார்ச், மடியில் நோட்டு. மாவு மூட்டை, உப்பு வாளி, படுக்கைச் சுருட்டு, பிள்ளைகளின் பொம்மைப் பை, எதுவானாலும் அவள் கை உள்ளே போய்த் துழாவி வெளியே வந்த பிறகுதான் ஹெலிகாப்டரில் ஏறும்.

அவளை யாரும் இந்த வேலைக்கு நியமிக்கவில்லை. எலி ஒன்று தீவில் ஏறினால் பறவை மிஞ்சாது, எலி காவலுக்கு ஆள் வேண்டும் என்று தீவுக் கமிட்டி கேட்டபோது அவள் ஒருத்திதான் கை தூக்கினாள். அதற்கப்புறம் பதினான்கு வருஷம் யாரும் அந்த வேலையைக் கேட்கவுமில்லை, அவள் விடவுமில்லை. புருஷன் டிப்பேனே இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வயசு அறுபத்தொன்று. முழங்கால் வலி. ஆனால் யாராவது பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினால் அவள் எழுந்து நிற்கிற வேகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த வருஷம் ரேவி ஒரு சாய்வு நாற்காலியோடு வந்தான். பச்சை வெல்வெட், கை வைக்கிற இடத்தில் தேய்ந்து நரைத்துப் போனது.

"இது என்ன?"

"நாற்காலி, அக்கா."

"கண்ணு தெரியுது எனக்கு. தீவுல உக்காரக் கட்டை இல்லையா?"

"கட்டையில உக்காந்து முதுகு போச்சு."

"நாப்பது வயசுல முதுகு போச்சா! எத்தன வருஷமா கொட்டகையில கெடந்துது?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"கொட்டகையில எலி?"

"எங்க கொட்டகையில எலி வந்தா உங்களுக்குச் சொல்லாம இருப்பேனா? விருந்து வச்சுல்ல கூப்பிடுவேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஹேனி சிரிக்கவில்லை. நாற்காலியைக் கவிழ்த்தாள், தட்டினாள், இடுக்குகளில் விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு பழைய சீப்பும் இரண்டு குண்டூசிகளும் கிடைத்தன. வேறு வழியில்லாமல் நோட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். ஆனால் மனசுக்குள் அது இறங்கவேயில்லை.

ரேவி அவளுக்குத் தூரத்துத் தம்பி முறை. அவள் பாட்டியும் அவனுடைய பாட்டியும் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்பது அவன் சொன்ன கணக்கு. தீவில் காலடி வைக்க ரத்த உரிமை வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் தன் அம்மா வழி உரிமை கேட்டு வந்தபோது, கமிட்டியில் எழுந்து "சர்ச் பதிவேட்டக் கொண்டாரட்டும்" என்று சொன்னவள் ஹேனி. பதிவேடு கிடைத்து, பெயர்கள் பொருந்தி, அவன் முதல் தடவை தீவுக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அவன் அம்மா இறந்துவிட்டாள். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. ஹேனிக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. பேசாதவன் மனசில் என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

அவள் சந்தேகத்துக்கு ஒரு வேர் இருந்தது. அவளுக்கு ஏழு வயசு இருக்கும்போது குடும்பம் வேறொரு தீவுக்குப் போய்க்கொண்டிருந்தது. டக்கிவாய். அவள் அப்பாவின் தீவு. ஒரு மார்ச்சில் போய் இறங்கினால் வீட்டுக்குள் மெழுகுவத்தி எல்லாம் திரி மட்டும் கிடக்கிறது. சோப்பில் பல் தடம். சுவரில் மாட்டியிருந்த தோல் வார் பாதிதான் இருந்தது. அடுத்த வருஷம் காட்டுக்குள் நடந்தால் தலைக்கு மேலே சத்தமே இல்லை. கூட்டங்கூட்டமாகத் தொடர்ந்து வருகிற சின்னக் குருவிகள் ஒன்றுகூட இல்லை. அப்பா ஒரு மரத்தடியில் நின்று ரொம்ப நேரம் காது கொடுத்துப் பார்த்தது அவளுக்கு நினைவிருக்கிறது.

யார் படகில் வந்தது எலி? எல்லோரிடமும் ஒரு பெயர் இருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கல்யாணங்களில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சிப்பி தின்றுகொண்டே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா கோபம் வந்தால் ஒரு பெயர் சொல்வார், குடித்தால் இன்னொரு பெயர். சாகக் கிடந்தபோது மூன்றாவதாக ஒன்று சொன்னார்.

ஹோரோமூரி அம்மா வழியில் வந்த தீவு. அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று அவள் நினைத்ததில் தப்பில்லை.

தீவில் இறங்கிய ஏழாம் நாள் காலை, எலி பார்க்க வைத்திருந்த வேர்க்கடலை மெழுகுக் கட்டிகளைச் சுற்றிப் பார்க்கப் போனாள். இறங்குதுறைக்கு மேலே, மூன்றாவது கட்டியில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரி. உளியால் இழுத்த மாதிரி. பூச்சி இப்படிக் கடிக்காது, கிளியும் கொத்தாது. பக்கத்தில் காலடித் தடம் பிடிக்க வைத்திருந்த பெட்டியைத் திறந்து மைத்தாளை இழுத்தாள். முன்காலுக்கு நான்கு விரல், பின்காலுக்கு ஐந்து. சின்னச் சின்னப் பூ மாதிரி, தாளின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து போயிருந்தது.

ஹேனி தாளைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். பொறி எடுக்க வீட்டுக்கு நடந்தாள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் பொறியில் எலி விழுந்தது. கறுத்த முதுகு, உடம்பைவிட நீளமான வால். கப்பல் எலி. செய்தி கேட்டுத் தீவே கூடிவிட்டது. ஐந்து குடும்பம், இருபத்தேழு பேர். ஹேனியின் கொழுந்தன் டியோனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து பார்த்தான். டிப்பேனேவின் தம்பி, சிங்கி இறால் பிடிக்கிற படகுக்காரன். தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, "அடப்பாவி" என்றான். 

ஹேனி யாரையும் பார்க்கவில்லை. மெழுகுக் கட்டி சீவுகிற கத்தியை எடுத்துக்கொண்டு நேராக ரேவியின் வீட்டுக்குப் போனாள். கூட்டமும் பின்னாலேயே வந்தது. நாற்காலி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

"அக்கா, என்ன பண்றீங்க?"

அவள் நாற்காலியைக் கவிழ்த்தாள். அடிப்பக்கத் துணியை ஒரே இழுப்பில் கிழித்தாள். உள்ளே நார் திப்பி திப்பியாக உதிர்ந்தது. ஒரு மூலையில் அது உருண்டு, குழிந்து, கூடு மாதிரி இருந்தது.

"பாருங்க! எல்லாரும் பாருங்க! இது என்ன?"

"அது பழைய நார். நாப்பது வருஷத்து நாற்காலி அது."

"கூடு இது. எலிக் கூடு. நீ கொண்டாந்த கூடு!"

"நீங்கதானே பாத்துக் கையெழுத்துப் போட்டீங்க?"

அது அவளைச் சுட்டது. அவன் சொன்னது உண்மை என்பதாலேயே சுட்டது. கத்தியை மறுபடி ஓங்கி முதுகுப் பக்கத்தையும் கிழித்தாள். ரேவியின் மனைவி ஹுயா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். ரேவி தடுக்கவில்லை. கிழித்து முடிக்கிறவரை நின்றான்; அப்புறம் குனிந்து நாரைக் கைநிறைய அள்ளி, நாற்காலிக்குள்ளேயே திணிக்கப் பார்த்தான்.

"இது எங்கம்மாவோடது" என்றான். "இந்தத் தீவுக்கு வரணும்னு கேட்டுட்டே இருந்தாங்க. அவங்களுக்குத்தான் வர முடியல. நாற்காலியாவது வரட்டுமேன்னு கொண்டாந்தேன்."

அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெளியே வந்ததும் ஹேனி டியோனியிடம் சொன்னாள்: "அழுது காட்டுறான், பாத்தியா? குத்தம் இருக்கறவனுக்குத்தான் அழுகை சுலபமா வரும்."

டியோனி காதில் விழாத மாதிரி கயிறு சுற்றிக்கொண்டிருந்தான்.

அதோடு பறவை பிடிக்கிற வேலை பாதியாகக் குறைந்தது. தீத்திக் குஞ்சுகள் வளைக்குள் கொழுத்துக் கிடந்தன. ஆட்களோ பொறிகளைச் சுமந்துகொண்டு புதரெல்லாம் சுற்றினார்கள். ஏப்ரல் இரண்டாவது வாரத்துக்குள் இன்னும் நான்கு எலி விழுந்தது. ரேவி குடும்பத்தோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஹேனி அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவள் அவன் வீட்டு வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான். அவள் திருப்பினால் தீவே திருப்பும்.

டனீடினிலிருந்து ஜோஸ்லின் என்ற ஆராய்ச்சிக்காரி ஹெலிகாப்டரில் வந்து இறங்கினாள். முப்பது வயசுக்கு மேல் இருக்காது. மூக்கு சிவந்து, மழைக்கோட்டுக்குள் பாதி காணாமல் போயிருந்தாள். செத்த எலிகளின் வால் நுனியை வெட்டி, ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பிகளில் போட்டு எண் எழுதினாள். ஹேனி பக்கத்தில் நின்று ஒவ்வொரு குப்பியையும் எண்ணினாள்.

"இத வச்சு என்ன தெரியும் உனக்கு?"

"எங்கேருந்து வந்ததுன்னு தெரியும். ஒவ்வொரு துறைமுகத்து எலிக்கும் ஒரு குடும்பச் சாடை உண்டு, டி.என்.ஏ.வுல. அதுங்க அதுங்களுக்குள்ளயே பெருகுறதால. இந்த எலிகளோட சாடை எந்த ஊரு எலியோட பொருந்துதுன்னு பாப்போம்."

"எலிக்கு வம்சாவளி பாக்குற. நல்லது. மனுஷனுக்குப் பாக்கவே எனக்கு எட்டு மாசம் ஆச்சு" என்று ஹேனி ரேவியின் வீட்டுப் பக்கம் பார்த்துச் சொன்னாள். "ஆளக் காட்டுமா அது?"

"ஊரத்தான் காட்டும். கொண்டுவந்த ஆள் யாருன்னு எலிக்குத் தெரியாதே."

ஊர் போதும் என்று ஹேனி நினைத்தாள். ரேவி இருப்பது இன்வர்கார்கில். இன்வர்கார்கில் எலி என்று ஒரு தாள் வந்தால் போதும். அப்பாவுக்குக் கிடைக்காதது தனக்குக் கிடைக்கப்போகிறது. இந்தத் தடவை மேஜையில் பெயரைச் சொல்லியே தீருவாள்.

ஜோஸ்லின் இரண்டு காரியம் கேட்டாள். ஒன்று, ஒவ்வொரு குடும்பமும் சாமான் வைக்கிற கொட்டகையைச் சுற்றிப் பொறி வைத்து, விழுகிற எலியின் வாலை அனுப்ப வேண்டும். இரண்டு, போன ஒரு வருஷத்தில் தீவுக்கு வந்த ஒவ்வொரு படகும் ஹெலிகாப்டரும் பட்டியலாக வேண்டும். பட்டியல் ஹேனியின் பொறுப்பு. அன்று மாலையே எழுதினாள். தேதி, ஆள், என்ன இறக்கினார்கள். அக்டோபர் என்று எழுதியதும் பேனா நின்றது.

அக்டோபரில் ஒரு புயல். தீவில் அவள் வீட்டுக் கூரைத் தகடு இரண்டு பெயர்ந்துவிட்டது என்று அந்தப் பக்கம் பறந்த பைலட் சொன்னான். அந்த மாதம் தீவு மூடியிருக்கும். பறவைகள் வந்து வளை தோண்டுகிற நேரம், யாரும் இறங்கக் கூடாது. கமிட்டியில் கேட்டால் மார்ச் வரை பொறு என்பார்கள். அதற்குள் வீடே போய்விடும். அவள் டியோனியிடம்தான் சொன்னாள்: "சத்தமில்லாம போயி ரெண்டு ஆணி அடிச்சுட்டு வந்துடு." அவனும் போய் அடித்துவிட்டு வந்தான். அது ஒரு வருகையா? அது கூரை. டியோனி அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன். பொறியோ சோதனையோ அவனுக்கு அவள் சொல்லித்தர வேண்டியதில்லை. பேனா அக்டோபரைத் தாண்டி நவம்பருக்குப் போயிற்று.

மே மாதக் கடைசியில் ஊர் திரும்பியதும் எல்லோரும் கொட்டகையில் பொறி வைத்தார்கள். ரேவி மூன்று வால் கொடுத்தான். ஹேனிக்கு நம்பிக்கை இல்லை. வேறெங்காவது பிடித்து மாற்றிக் கொடுத்திருப்பான். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி இன்வர்கார்கில் போய், ரேவி வீட்டு வேலிக்கு அடியில் படுத்தவாக்கில் கையை நீட்டிப் பொறி வைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே குரல் கேட்டது.

"உள்ள வந்தே வைக்கலாமே. இடுப்பு புடிச்சுக்கப் போகுது."

ஹுயா. கையில் துவைத்த துணி வாளி.

ஹேனி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். "சரிபாக்க வந்தேன்."

"பாருங்க. கொட்டகை திறந்துதான் கெடக்கு. டீ வேணுமா, இல்ல அதுலயும் ஏதாவது போட்டிருப்போமா?"

"வேண்டாம்."

"எம் பொண்ணு ஸ்கூல்ல 'எலிக்காரி'ங்கறாங்க. தெரியுமா உங்களுக்கு? நாங்க அந்தத் தீவுக்கு வந்தது மூணே தடவ."

ஹேனி கொட்டகைக்குள் போனாள், மூலையில் பொறியை வைத்தாள், பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். அடுத்த வாரம் அந்தப் பொறியில் விழுந்த எலியின் வாலை ஹுயாவே தபாலில் அனுப்பிவைத்தாள். கூட ஒரு வரியும் எழுதவில்லை.

ஜூன் நடுவில் ஜோஸ்லின் போன் செய்தாள்.

"அஞ்சு எலியும் ஒரே குடும்பம், ஹேனி. ஒண்ணு அம்மா, மத்த நாலும் அதோட குட்டிங்க. சினையா இருந்த ஒரே ஒரு எலி இறங்கியிருக்கு. போன வசந்தத்துல, செப்டம்பர் அக்டோபர் வாக்குல, அநேகமா."

"இன்வர்கார்கிலா?"

"இல்ல. ப்ளஃப்பும் இல்ல. ரேவி வீட்டு எலிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பக்கத்துல இருக்கற ரக்கியுராத் தீவு எலிகளோட கொஞ்சம் சாடை இருக்கு, ஆனா ரக்கியுரா ஊருக்குள்ள இருக்கற எலியும் இல்ல இது. அந்தத் தீவோட தெக்கு, மேக்குக் குடாக்கள்ல யாருமே இதுவரைக்கும் எலி புடிச்சுக் கொடுக்கல. அங்கதான் எங்கியோ இருக்கணும்."

"நல்லாப் பாத்தியா? குப்பி மாறியிருக்காதா?"

"நீங்கதானே எண்ணிக் கொடுத்தீங்க."

போனை வைத்துவிட்டு ஹேனி சமையலறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். ரேவி ரக்கியுரா போயிருப்பான். போகாவிட்டால், அவன் மச்சான் போயிருப்பான். அந்த ஆராய்ச்சிக்காரிக்கே ரேவி மேல் இரக்கம் வந்து தாளை மாற்றியிருப்பாள். பைலட்? பைலட் ரக்கியுராவில் பெட்ரோல் போடுவான். வனத்துறைக்காரர்கள்? அவர்கள் படகு போன டிசம்பரில் வந்ததே. இரண்டு வாரம் யாரைப் பார்த்தாலும் "போன வருஷம் ரக்கியுரா போனியா?" என்று கேட்டாள். ரொட்டிக்கடையில் அவளைக் கண்டதும் ஆட்கள் வரிசையை விட்டு நகர ஆரம்பித்தார்கள்.

கடைசியில் அவளே போய்ப் பிடிப்பது என்று முடிவு செய்தாள். இருபது பொறியும் ஒரு பெட்டி குப்பியும் எடுத்துக்கொண்டு டியோனியின் படகில் ஏறினாள்.

"இந்த ஜூலைக் குளிர்லயா, அண்ணி?" என்றான் டியோனி.

"குளிர்ல எலி பசியா இருக்கும். நல்லா விழும்."

போய் வர நான்கு நாள். முதல் குடாவில் பொறி வைத்தார்கள். காலையில் இரண்டு எலி. இரண்டாவதில் ஒன்று. டியோனி வழக்கம்போலப் பாட்டு முணுமுணுக்கவில்லை. ஹேனி வரைபடத்தைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் விரித்துவைத்து, முடிந்த குடாக்களைப் பென்சிலால் அடித்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் மதியம், கெட்டில் குடாவின் வாய் இடது பக்கம் தெரிந்தது. மீனவர்கள் வைத்த பெயர். வாய் சின்னது, உள்ளே வயிறு பெரிசு. தென்மேற்குக் காற்றுக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. படகு அதைத் தாண்டி நேராகப் போயிற்று.

"டியோனி, கெட்டில விட்டுட்டியே."

"அங்க எலி இல்ல, அண்ணி."

"எப்படித் தெரியும்?"

"சும்மா... பாத்ததில்ல."

"எப்போ பாக்கல?"

அவன் படகின் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்தான். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

பதினான்கு வருஷமாக அடுத்தவர் பையைத் துழாவிய கை அவளுடையது. யார் எதை மறைக்கிறார்கள் என்று அவளுக்குத் தோளைப் பார்த்தாலே தெரியும். டியோனியின் தோளை அவள் இதற்கு முன் அப்படிப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள். அது காதுவரை ஏறியிருந்தது.

"திருப்பு படக" என்றாள்.

குடாவுக்குள் தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. கரையில் ஒரு சாய்ந்த மரம். அதன் அடியில், பட்டை உரிந்து, கயிறு கட்டித் தேய்ந்த வளையம் ஒன்று. புதுசாக இல்லை, ரொம்பப் பழசாகவும் இல்லை. ஹேனி அதை விரலால் தடவினாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அக்டோபர்ல, ப்ளஃப்லேருந்து நேரா ஹோரோமூரிக்குப் போனேன்னு சொன்ன."

டியோனி படகிலேயே நின்றான். 

"இறால் கூட்டுப் பொறி எடுக்க வந்தேன், அண்ணி. காத்து மாறிடுச்சு. நாலு நாள் இங்க கட்டிக் கெடந்தேன். அஞ்சாம் நாள் காத்து விட்டுச்சு, கையோட உங்க கூரையையும் முடிச்சிடலாம்னு அப்படியே போயிட்டேன். ரெண்டு நாள் ஆச்சு ஆணி அடிக்க. படக இறங்குதுறை வளையத்துலதான் கட்டியிருந்தேன்."

"எலி நடந்து வராம கயித்துல எலித் தட்டு போட்டியா?"

"ரெண்டு ஆணின்னுதானே சொன்னீங்க..."

"போட்டியாடா?"

"இல்ல."

"பொறியில எலி விழுந்த அன்னிக்கே தெரிஞ்சுதா உனக்கு?"

"சந்தேகமாத்தான் இருந்துது. நாற்காலின்னு நீங்க சொன்னீங்க. நாற்காலியாவே இருக்கட்டும்னு நெனச்சேன்."

அவள் அந்த மரத்தைச் சுற்றிப் இருபது பொறியும் வைத்தாள்.  காலையில் நான்கு எலி கிடந்தது. கறுத்த முதுகு, நீண்ட வால். அவளே வெட்டி, அவளே எண் போட்டாள்.

ப்ளஃப் திரும்பியதும் மற்ற குப்பிகளைத் தபாலில் போட்டாள். கெட்டில் குடாவின் நான்கு குப்பிகளை மட்டும் சமையலறை ஜன்னலில் வைத்தாள். எண் மட்டும்தான் எழுதியிருந்தது. எங்கே பிடித்தது என்று அவள் நோட்டில்தான் இருந்தது. கழுவுதொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டால் தீர்ந்தது. ரக்கியுராவில் குடாவுக்கா பஞ்சம்? ஜோஸ்லின் இன்னும் பத்து வருஷம் தேடிக்கொண்டிருப்பாள். ரேவி பெயர் மேல் பாதிச் சந்தேகம் நின்றுகொண்டே இருக்கும். டக்கிவாயில் நின்ற மாதிரி. அவளுக்கு ஒரு கொழுந்தன் மிஞ்சுவான்.

மூன்று நாள் அந்தக் குப்பிகள் அங்கே இருந்தன. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அவற்றைப் பார்த்தாள். முதல் நாள், டியோனியைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தாள். இரண்டாம் நாள், அவனையா காப்பாற்றுகிறோம் என்று தோன்றியது. கூரைக்கு ஆணி அடிக்கச் சொன்னது யார்? பட்டியலில் அக்டோபரைத் தாண்டினது யார் பேனா? அப்பா மூன்று பெயர் சொன்னாரே, டக்கிவாய்க்குப் போன தன் சொந்தப் படகின் பெயரை ஒரு தடவையாவது சொன்னாரா? அந்தக் கேள்வி இதுவரை அவளுக்கு வந்ததே இல்லை. வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

நான்காம் நாள் தபாலாபீஸ் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றாள்.

ஆகஸ்டில் கமிட்டி கூடியது. ஜோஸ்லின் திரையில் படம் போட்டுக் காட்டினாள்: பல நிறப் புள்ளிக் கூட்டங்கள், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம். ஹோரோமூரியின் ஐந்து புள்ளிகளும் கெட்டில் குடாவின் புள்ளிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்தன. "சந்தேகத்துக்கே இடமில்ல" என்றாள். மண்டபத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அங்கே யார் கட்டுவார்கள், யார் போனது என்று ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தப் பார்வை ஹேனிக்குத் தெரியும்.

தலைவர் கேட்பதற்கு முன்னால் எழுந்தாள்.

"நான் கொடுத்த பட்டியல் பொய். அக்டோபர்ல ஒரு படகு போச்சு. நான்தான் அனுப்பினேன், எங்க வீட்டுக் கூரைக்கு. டியோனி படகு. கெட்டில்ல நாலு நாள் கட்டியிருந்துட்டு நேரா அங்க போச்சு. எழுதாம விட்டது நான்."

டியோனி கடைசி வரிசையில் இருந்தான். எழுந்து, "தட்டு போடாதது நான்" என்றான். உட்கார்ந்துவிட்டான்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவள் ரேவி இருந்த பக்கம் திரும்பினாள்.

"ரேவி, உங்கம்மா நாற்காலிய நான் கிழிச்சேன். நீ கொண்டாரலன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். தச்சுக் கொடுக்கணும்னு இருக்கேன்."

"வேண்டாம்" என்றான் ரேவி. குரல் உயரவில்லை. "எம் பொண்ணு ஸ்கூல் மாறிட்டா, அக்கா. அத எதால தைப்பீங்க?"

அவன் ஹுயாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.  ஹேனி எலி காவல் நோட்டைத் தலைவர் மேஜையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் வனத்துறைக்காரர்கள் தீவு முழுக்க எலி மருந்து வைத்தார்கள். எங்கிருந்து வந்தது, எத்தனை வந்தது என்று தெரிந்ததால் வேலை சுலபமாயிற்று என்று ஜோஸ்லின் சொன்னாள். ஒரே குடும்பம், இறங்குதுறையைச் சுற்றித்தான் பரவியிருந்தது. அதோடு கெட்டில் குடாவில் படகு கட்டுவதற்கும் தடை வந்தது. இரண்டு வருஷம் தீவு மூடியிருந்தது. ஏப்ரல் வந்தால் ப்ளஃப்பில் குடும்பங்கள் செய்வதறியாமல் சுற்றின. ஹேனியிடம் யாரும் சண்டை போடவில்லை. அவள் கடைக்கு வந்தால் பேச்சு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டியோனிக்கு, தீவு திறந்த பிறகும் இரண்டு சீசனுக்கு அங்கே போக அனுமதி இல்லை என்றாயிற்று. அவன் ஒரு வருஷம் அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஒழுகுகிற குழாயைப் பார்த்துவிட்டு, சரிசெய்துவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறும் வந்தான். சரிசெய்ய எதுவும் இல்லை. உட்கார்ந்து சூப் குடித்தான்.

"என் மேல கோவமா, அண்ணி?" என்று கேட்டான்.

"உன் மேல இல்ல. பட்டியல் எழுதினவ மேல."

"நானாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றாள். இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மூன்றாவது மார்ச்சில் எலி மோப்பம் பிடிக்கிற நாயைத் தீவுக்கு அனுப்பினார்கள். பழுப்பு நிறக் குட்டை நாய். நான்கு நாள் தீவு முழுக்கச் சுற்றி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நாய்க்காரன் கையெழுத்துப் போட்ட பிறகு குடும்பங்கள் போயின. ஹேனியும் போனாள், மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. முழங்காலுக்கு அறுவைசிகிச்சை ஆகியிருந்ததால் வளைகளுக்குக் குனிய முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து பறவைகளுக்கு இறகு பறித்தாள், உப்புப் போட்டு வாளிகளில் அடுக்கினாள். இறகு பறிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே சின்னக் குருவிகள் கும்பலாக வந்து சண்டை போட்டன. அவற்றின் சத்தத்தில் ரேடியோவில் சொன்ன வானிலை அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

ரேவியின் குடும்பமும் வந்திருந்தது. பெண் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். பத்தாம் நாள் ஹுயா கதவைத் தட்டி, உப்பு தீர்ந்துவிட்டது, ஒரு வாளி இருக்குமா என்று கேட்டாள். ஹேனி இரண்டு வாளி எடுத்துக் கொடுத்தாள். ஹுயா மூடியைத் திறந்து பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனாள்.

ரேவி அந்த வருஷம் முழுக்க அவளிடம் பேசவில்லை. அடுத்த வருஷம் ஹெலிகாப்டருக்குக் காத்திருக்கும்போது பேசினான். தெற்கிலிருந்து மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றான். ஹேனியும் வானத்தைப் பார்த்து, வரும் போலத்தான் இருக்கிறது என்றாள்.